பிரேக் பேடு தேர்வில் பனியன் நகரத்தார் மனப்போக்கு: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வுப் பொருள்: உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் சுண்டுவிரல் கனத்துக்கு அழுத்தி ஒட்டிய கருஞ்சாம்பல் நிறப் பண்டம். ஆய்வுக் களம்: திருப்பூர். ஆய்வு வினா: கார் கம்பெனிப் பெட்டியில் வரும் பேடை மாட்டுவதா, வெளிப்பெட்டிப் பேடை மாட்டுவதா? பல்லடம் ரோட்டு ஒர்க்‌ஷாப் வாசல்களில் டீ ஆறும்வரை விவாதிக்கப்படும் இவ்வினாவை அறிவுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பதால் நாமே துணிந்து இறங்க வேண்டியதாயிற்று.

முதலில் வரலாறு. 1897-இல் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் வண்டிச் சக்கரங்களுக்கு பிரேக் கட்டை செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ கம்பெனி அதிலிருந்து வளர்ந்ததுதான். அவருடைய ஆரம்பகாலச் சரக்கு தாரில் ஊறவைத்த பருத்தி. ஆக, பேடின் மூதாதை பஞ்சு. இந்த ஒரு சான்றே போதும், இத்துறையில் திருப்பூருக்குள்ள பாத்தியதையை நிலைநாட்ட. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்து பஞ்சை வெளியே தள்ளியது. அது நுரையீரலைத் தின்கிறது என்று தெரிந்ததும் அதையும் தள்ளினார்கள். இன்று நார், உலோகத்தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் ஃபினாலிக் பிசினில் கலந்து, சூட்டில் அழுத்தித் தகட்டில் ஒட்டுகிறார்கள். எது எத்தனை பங்கு என்பது கம்பெனி ரகசியம். குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அழைத்தாலும் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, ஆய்வுக்கு உட்படும் மனிதர். பனியன் கம்பெனி முதலாளி. இவர் துணியைத் தொட்டே ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம், சொல்வார். நாள் முழுக்க இவர் தைப்பது பிறத்தியார் பெயர். மெயின் லேபிளையும் பார்கோடையும் எந்த இடத்தில் வாங்க வேண்டும் என்பதுகூட பையர் சொல்வதுதான். பெரிய பிராண்டுகளில் பல ஒரு தையல் மெஷின்கூட வைத்திருப்பதில்லை, வைத்திருப்பது பெயரை மட்டும்தான் என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். அதே சட்டை லேபிள் வெட்டுப்பட்டு காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸாகக் குவிந்து கிடக்கும். வெளியூர்க்காரர் அதைச் சந்தேகத்தோடு புரட்டுவதைப் பார்த்து இவர் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் தன் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கையில் மெக்கானிக்கிடம் கேட்டது எமது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது:

“தம்பி, ஒரிஜினல்தானே போடறே?”

“சீல் உடைக்காத பெட்டிங்ணா.”

பேடைப் பற்றிய கேள்விக்குப் பெட்டியைப் பற்றிய பதில். அவருக்கு அது திருப்தியளித்தது. வாழ்நாள் முழுக்கக் கற்ற கல்வி, நாலு சக்கரத்துக்கு முன்னால் கை கொடுக்கவில்லை.

ஏனெனில் கார் கம்பெனிகள் பொதுவாக பேடு செய்வதில்லை; செய்விக்கின்றன. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் 1974-இல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னைப் பாடியில் வேரூன்றியவை; ரானேயும் சென்னைதான். இத்தகைய கம்பெனிகள் கார், லாரி செய்பவர்களுக்கும் சரக்கு அனுப்புகின்றன. சொந்தப் பெயரில் கடைக்கும் அனுப்புகின்றன. பாடிக்கும் பல்லடத்துக்கும் தொழில் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கே எமது ஆய்வு வேகமெடுத்து, “அப்படியானால் எல்லாம் ஒன்றே” என்று முடித்திருக்கலாம். அவ்வாறு முடிக்க மனம் வந்தது. சரக்கு இடம் தரவில்லை. செகண்ட்ஸ் பனியனில் ஒரு துளை இருந்தால் சட்டைக்குள் போய்விடும். பேடில் அப்படி மறைத்துவைக்க இடமில்லை. மேலும், ஒரே ஆலை கார் கம்பெனிக்கு ஒரு கலவையும் கடைக்கு இன்னொரு கலவையும் அழுத்தலாம். ஏற்றுமதிக்கு ஒரு துணி, உள்ளூருக்கு ஒரு துணி என்று பிரிக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: பெட்டி மட்டும் கார் கம்பெனியுடையது, உள்ளே இருப்பது யாருடையதோ. சீல் உடைக்காத பெட்டி என்ற பதிலில் ஓட்டை விழுவது இங்கேதான். பெட்டி அச்சடிக்க ஆஃப்செட் மெஷின் போதும்.

ஆகவே பெட்டியை வீசிவிட்டுத் தகட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல சரக்கானால் பொதுவாகச் செய்தவன் பெயரும் பேட்ச் நம்பரும் அதில் இருக்கும். பல பேடுகளில் எஃப்எஃப், ஜிஜி என்பது போல இரண்டு எழுத்தும் இருக்கும்: முதலாவது சாதாரண நிலையில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது சூடேறிய பின் எவ்வளவு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி அதற்கு மேல் 0.55 வரை, ஈ கீழே. முதல் எழுத்து நன்றாக இருந்து இரண்டாவது இறங்கியிருந்தால், அந்த பேடு ஊருக்குள் நல்லபிள்ளை, மலையில் வேறுபிள்ளை. எழுத்து ஒன்றானால் ஆயுளும் சத்தமும் ஒன்றாகிவிடும் என்று எண்ண வேண்டாம். எமது கட்சி இதுதான்: பெயருள்ள பேடு கம்பெனி அந்த மாடலுக்கென்றே தன் பெட்டியில் விற்பதை, பில் கொடுக்கும் கடையில் வாங்கலாம். கார் கம்பெனிப் பெட்டி வேண்டுமென்பவர் தாராளமாகக் கூடுதல் விலை கொடுக்கட்டும்; அதில் ஒரு பங்கு அட்டைக்கு. தகட்டில் பெயரே இல்லாத சரக்கை எந்த விலைக்கும் தொடக்கூடாது.

இனி மலை. திருப்பூர்க்காரர் லீவு விட்டால் ஊட்டிக்குக் கிளம்புவார். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். ஒரு டன் கார் அவ்வளவு உயரம் இறங்கினால் சுமார் ஐந்து யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி வெளிவருகிறது. அரை ஹெச்பி மோட்டார் மாட்டிய ஓவர்லாக் மெஷினை ஒன்றரை ஷிப்ட் ஓட்டியும் மிச்சமாகும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பெரும்பங்கை ஏற்கும். இல்லாவிட்டால் மிச்சம் அத்தனையும் பிரேக்குக்கு. பிசின் கருகி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வருவது அப்போதுதான். அங்கே எந்தப் பெட்டியும் உதவாது.

மேற்படி முதலாளி கம்பெனிப் பெட்டிப் பேடை மாட்டிக்கொண்டு, பெட்ரோல் மிச்சமென்று குன்னூரில் நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின் கியரில் இறங்கினால் பெட்ரோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும் என்று எடுத்துரைத்தோம்.

“அப்படிங்களா!” என்றார் மரியாதையாக. பர்லியாறு வரை நியூட்ரலிலேயே வந்தார்.