மட் டயர் மாட்டி மலையேறுவது எப்படி?

கோவையிலோ பொள்ளாச்சியிலோ இருந்துகொண்டு மாதத் தவணையில் ஒரு மஹிந்திரா தார் வாங்கியிருக்கிறீர்கள். வண்டியோடு வந்த டயரில் இதுவரை ஒரு குறையும் இல்லை. அதுதான் உங்களை உறுத்துகிறது. நெல்லியாம்பதிக்கும் சூரியநெல்லிக்கும் போகப்போகிற வண்டியின் டயர் இவ்வளவு சாதுவாக இருக்கலாமா? கூடாது. ஆகவே சில யோசனைகள்.

கடைக்குப் போனதும் டயரைப் பார்க்காதீர்கள். டயருக்குப் பக்கத்தில் உங்களை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, அதைப் பாருங்கள். பட்டன் பெரிதாகத் தெரிய வேண்டும். பட்டன்களுக்கு நடுவே விரல் நுழைய வேண்டும். பக்கச்சுவரிலும் பட்டன் ஏறி வந்திருந்தால் இன்னும் விசேஷம். அந்த இடைவெளி எதற்கென்று கடைக்காரர் விளக்குவார்: சக்கரம் சுழலும்போது அடைத்துக்கொண்ட சேறு அதன் வழியே தெறித்து வெளியேறும், அடுத்த சுற்றுக்கு மறுபடி பிடிமானம் கிடைக்கும். உண்மைதான். மீதிப் பாதியை அவர் சொல்லமாட்டார், நீங்களும் கேட்காதீர்கள். இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்குச் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத் தரையைப் பற்ற உதவும் மெல்லிய கீறல்களும் இந்த வகையில் சொற்பம். மழையில் பிரேக்கை மிதித்தால் நீங்கள் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் வளைவுகளில், ஜூலை மாதத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வழி முழுக்கத் தார்ச்சாலை. சேறு வேண்டுமென்றால் மேலே போய், ஜீப்காரர்கள் ஓட்டும் எஸ்டேட் பாதைகளில்தான் தேட வேண்டும்.

அடுத்து அளவு. நண்பர் ஒருவரின் பொலிரோவை எடுத்துக்கொள்வோம். அதில் வருவது 215/75 ஆர் 15. அகலம் 215 மி.மீ., அதில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ரிம் 15 அங்குலம். 235/75 ஆக்கினால் டயரின் குறுக்களவு 30 மி.மீ. கூடும். வண்டி தரையிலிருந்து எழும்புவது அதில் பாதி, அதாவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த அரை அங்குலத்துக்காக ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும். ஓடிய தூரத்தையும் மீட்டர் குறைத்தே எண்ணும் என்பதால் மைலேஜ் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். கனமான டயரால் மைலேஜ் உண்மையிலும் குறைந்திருக்கும். எது எவ்வளவு என்று சட்டென்று பிரித்தறிய முடியாது. வீட்டில் கேட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மேல் பழியைப் போடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் வாளையாறு தாண்டி மேற்கே போகிறவர்களுக்கு எதிர்க்காற்று பலமானதுதான். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே என்று கேட்கிற புத்திசாலி வீட்டில் இருந்தால் என்னிடம் பதில் இல்லை.

இன்னும் பெரிதாகப் போடலாமா, மட்கார்டைத் தாண்டி நாலு விரல் துருத்திக்கொண்டு நிற்கும்படி? அழகாகத்தான் இருக்கும். ஆனால் கேரள மோட்டார் வாகனத் துறைக்கு இந்த ரசனை கிடையாது. உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். 2022 மே மாதம் வாகமண் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்-ரோடு நிகழ்ச்சியில் ஜீப் ஓட்டியதற்காக நடிகர் ஜோஜு ஜார்ஜுக்கே நோட்டீஸ் போனது. உங்களுக்கு ரசிகர் மன்றமும் இல்லை.

சத்தத்தைப் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். தார்ச்சாலையில் வேகம் பிடித்தால் தேன்கூட்டைக் கலைத்ததுபோல் ஒரு ரீங்காரம் எழும், அவ்வளவுதான். 2021-ல் திறந்த குதிரான் சுரங்கத்துக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு, கொடுத்த காசு காதில் கேட்கும்.

இனி முக்கியமான கட்டம்: டயரைப் பற்றி உண்மையிலேயே தெரிந்தவர்களைச் சந்திக்காமல் தப்புவது. சூரியநெல்லியில் ஜீப்கள் நிற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், ஆனால் வண்டிப் பாதை ஏறுவது இடுக்கியின் இந்தச் சூரியநெல்லியிலிருந்து. அந்தப் பாதையில் சேற்றைவிடக் கல்தான் அதிகம். பழைய மஹிந்திரா ஜீப்களில் வந்த டயர் 6.00-16. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் ஓடிய அதே ஒல்லி அளவு. அகலம் குறைந்தால் வண்டியின் கனம் சின்ன இடத்தில் இறங்கும், சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். எந்தப் பஞ்சர் கடையிலும் ட்யூபை ஒட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் தெரிந்தால் நீங்கள் வாங்கும் அகல டயரின் மேல் மரியாதை போய்விடும்.

மீறிப் பேச்சுக் கொடுத்தால் டிரைவர் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: "காத்து எவ்வளவு சார் வெச்சிருக்கீங்க?"

"முப்பத்திரண்டுண்ணே. பங்க்ல பிடிச்சதுதான்."

"அதோடயா கல்லுல ஏத்துனீங்க?"

அவர் சிரிப்பார். 18, 20 என்று குறைத்தால் டயர் தட்டையாகிப் படரும், கல்லின் மேல் வழுக்காமல் படியும், குலுக்கலும் அடங்கும். செலவு ஒன்றுமில்லை. கீழே இறங்கியதும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். இந்த விஷயத்தை டயர் வாங்குவதற்கு முன் தெரிந்துகொண்டால் டயரே வாங்கமாட்டீர்கள். மேலும், சொந்த வண்டியைச் சூரியநெல்லியில் நிறுத்திவிட்டு வாடகை ஜீப்பில் ஏறிப்போவதுதான் அங்கே வழக்கம். உங்கள் புது டயர் கீழே காவல் காக்கும்.

விடிகாலையில் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் நிற்காதீர்கள். தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நெருக்கியடித்து உட்கார்ந்த ஜீப்கள் அப்போதுதான் ஏறும். இருட்டுகிற நேரத்தில் அதே கொண்டையூசி வளைவுகளில் இறங்கும். அந்த டிரைவருக்கு டயர் என்பது பாரம், பிரேக், தேய்மானம். பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படி டயர் செத்தது. மொட்டை டயரோடு, அளவுக்கு மீறி ஆளேற்றிக்கொண்டு இறங்கும் வண்டிகளும் உண்டு, கவிழ்ந்தவையும் உண்டு. இந்தப் பக்கத்தில் புது டயர் யாருக்காவது அவசரமாகத் தேவையென்றால் அது இவர்களுக்குத்தான். இதை நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால் போட்டோவில் முகம் சரியாக விழாது.

கடைக்காரர் கடைசியாக ஏ.டி. டயர் என்று ஒன்றை முணுமுணுப்பார். பெரும்பாலும் தார்ச்சாலை, எப்போதாவது மண்பாதை என்று ஓட்டுகிறவருக்கான நடுத்தர வகை. காதில் வாங்காதீர்கள். 2020-ல் வந்த தாரின் 18 அங்குல ரிம் வகைக்குக் கம்பெனியே அதைத்தான் மாட்டி அனுப்பியது. நீங்கள் கழற்றச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

பில் போடுமுன் பக்கச்சுவரில் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. மட் டயர் வேகமாக விற்கும் சரக்கல்ல, குடோனில் கிடந்தே கிழடாகியிருக்கலாம். ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். பின்கதவில் தொங்குவதைத்தான் பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

கழற்றிய பழைய டயர்களைக் கடைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். அதே ரிம் வைத்திருக்கும் ஒருவர் மலையிலிருந்து இறங்கிவந்து, பட்டனை நகத்தால் அழுத்திப் பார்த்து, ஐந்தையும் வாங்கிக்கொண்டு போவார்.