டீச்சருக்குச் சம்பளம் கூட்டிறாதீக, தம்பி

தாளாளர் தம்பி, கம்பம் மெயின் ரோட்டுல நம்ம பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வச்ச ஃபிளெக்ஸப் பாத்தேன். ஒங்க படம் ஆள் உசரத்துக்கு. பக்கத்துல அதே உசரத்துக்கு ஒரு தொடுதிரை. ரெண்டுக்கும் கீழ, ஒரு மூலையில, தபால் ஸ்டாம்பு அகலத்துல ஒரு டீச்சரம்மா நிக்கிறாக. அளவு ஒண்ணும் தப்பில்ல. செலவுக் கணக்கப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வரைஞ்சிருப்பாக போல.

எம் பேத்தி அங்கதான் ஆறாவது படிக்கிறா. இந்த வருசம் பீஸ் ரசீதுல 'ஸ்மார்ட் கிளாஸ்'னு தனியா ஒரு வரி. கட்டிட்டேன். திராட்சை வெல விழுந்து கெடந்த மாசம் பாத்துக் கட்டுனதால, எதுக்குக் கட்டுனோம்னு தெரிஞ்சுக்க ஒரு ஆசை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து வகுப்ப எட்டிப் பாத்தேன். ஏசி ஓடுது. நல்லது, திரை சூடாகக் கூடாதுல்ல. டீச்சரம்மாவுக்கு நாற்காலி இல்ல. அதுவும் நல்லதுதான், உக்காந்தா தூக்கம் வரும். கரும்பலகையக் கழட்டி மாட்டுக் கொட்டகைக்குக் குடுத்துட்டதா வாட்ச்மேன் சொன்னாரு. மாடுக குடுத்து வச்சது.

போன மாசம் நடந்ததப் பேத்தி வந்து சொன்னா. திரையில பழப்பயிர்ப் பாடம். எந்த ஊர்க் குரலோ, இங்கிலீஷ்ல, திராட்சை வருசத்துக்கு ஒரு தரம் அறுவடைக்கு வரும்னுச்சாம். இவ எந்திரிச்சு, "எங்க தோட்டத்துல அப்படி இல்லையே டீச்சர்"னு கேட்டிருக்கா. கேக்காம இருப்பாளா? வருசத்துல எந்த மாசம் வந்தாலும் ஏதாச்சும் ஒரு பந்தல்ல பழம் தொங்குற பள்ளத்தாக்கு இது. நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. டீச்சரம்மா வெவரமானவுக. திரைய நிப்பாட்டிட்டு, "நீயே வந்து சொல்லு"ன்னுட்டாக. எழுதிக் காட்டப் பலகை இல்ல. நோட்டுல பந்தல் வரைஞ்சு, எப்பக் கவாத்துப் பண்ணுவோம், கவாத்துப் பண்ணி எத்தன மாசத்துல வெட்டுவோம்னு இவ சொல்ல, ஓடைப்பட்டிப் பய ஒருத்தன் வெதையில்லாத் திராட்சைக்குக் கணக்கு வேறன்னு மல்லுக்கு நிக்க, மணியடிச்சது கூடத் தெரியலையாம்.

மாசக் கடைசியில டீச்சரம்மாவுக்கு மெமோ. திரை ஓடுன நிமிசம் கொறைஞ்சு போச்சாம்.

யாரு எத்தன நிமிசம் ஓட்டுனாகன்னு கம்பெனிக்காரன் மாசாமாசம் ஒங்களுக்குக் கணக்கு அனுப்புறானாமே! எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான் தம்பி. பிள்ளைக்கு என்ன வெளங்குச்சுன்னு பாக்க நாள் பிடிக்கும், மீட்டரப் பாக்குறது சுளுவு. நானும் மானியத்துல சொட்டுநீர்க் குழாய் போட்டவன்தான். போட்ட புதுசுல மோட்டார் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு நோட்டுல எழுதி வச்சு மீசைய முறுக்குனேன். அங்கிட்டுப் பாத்தா, சொட்டுவாய் அடைச்சு நாலு வரிசைக் கொடி வாடிக் கெடக்கு. எந்தச் செடிக்குத் தண்ணி போய்ச் சேரலைங்கிறத வரப்புல நடக்குறவன்தான் கண்டுபிடிக்கணும். ஒங்க பள்ளிக்கூடத்துல வரப்புல நடக்குற ஆளுக்குத்தான் மெமோ.

இந்த யாவாரம் இன்னைக்கி நேத்து வந்ததா என்ன? 1913-லயே அமெரிக்காவுல எடிசன், இனிமே பள்ளிக்கூடத்துல புத்தகம் எதுக்கு, சினிமாப் படம் போட்டே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துரலாம்னாரு. பல்பு செஞ்ச மனுசனே பல்பு வாங்குன கத அது. நம்ம நாட்டுல எஜுகாம்ப்னு ஒரு கம்பெனி ஊர் ஊரா தனியார் பள்ளிகள்ல 'ஸ்மார்ட் கிளாஸ்' மாட்டுச்சு. 2017-ல திவால் நடவடிக்கைக்குப் போயிருச்சு. பைஜூஸ் அதுக்கும் மேல: 2022-ல 2,200 கோடி டாலர் மதிப்புன்னாக, 2024 ஜூலையில அதுவும் திவால் தீர்ப்பாயத்து வாசல்ல நின்னுச்சு. ஒங்க கம்பெனிக்காரன் அப்படியில்லன்னு நீங்க சொன்னா நம்பிக்கிறேன். ஒப்பந்தம் எத்தன வருசத்துக்குன்னு மட்டும் ஒரு தரம் படிச்சுப் பாத்துக்கங்க.

கொரோனாவ மறந்துட்டீகளா? 2020 மார்ச்சுல மூடுன பள்ளிக்கூடம், ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர்லதான் தொறந்துச்சு. நடுவுல பாடமெல்லாம் செல்போன்ல. நம்ம பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குக் குமுளி, வண்டன்மேடுன்னு விடியுமுன்ன ஜீப்புல மலையேறுற சனம். வீட்டுல இருக்கிற ஒரு போனும் அப்பன் சட்டப் பையில மலையேறிரும். சாயங்காலம் அவன் வந்து, போன சார்ஜ் போட்டு, பிள்ளை தொறந்து பாக்கும்போது காலை வகுப்புக் கெடக்கும். கேள்வி கேட்டா பதில் சொல்ல அங்க யாரு இருக்கா?

கடைசியில அரசாங்கம் என்ன செஞ்சுச்சு? 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வின்னு ஆரம்பிச்சு, மாசம் 1,000 ரூவா குடுத்து, பாடம் சொல்லிக் குடுக்கத் தெருவுக்குத் தெரு படிச்ச பிள்ளைகள உக்கார வச்சுச்சு. சாயங்காலம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், திண்ணையிலயோ சாவடியிலயோ. கார்த்திக் முரளிதரன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியரும் அவரு கூட்டாளிகளும் நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைக ஏறத்தாழ 19,000 பேரச் சோதிச்சுப் பாத்திருக்காக. பள்ளிக்கூடம் தொறந்து ஆறு மாசத்துல, விட்ட படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துருச்சு. அப்படி வந்ததுல நாலுல ஒரு பங்கு கிட்ட அந்தத் தெருவகுப்பாலதானாம். ஏசி இல்லாமலே.

கெழவன் கம்ப்யூட்டருக்கு எதிரின்னு கெளப்பி விட்றாதீக. அதே பேராசிரியர் டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு கம்ப்யூட்டர் பாடத்தையும் சோதிச்சாரு. ஏழாவது படிக்கிற பிள்ளை கணக்குல நாலாவதுலதான் நிக்குதுன்னா, நாலாவதுல இருந்தே அது சொல்லிக் குடுக்கும். நாலஞ்சு மாசத்துலயே நல்லா முன்னேறியிருக்குதுக. அங்கயும் பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் பத்துப் பதினஞ்சு பிள்ளைகளுக்கு ஒரு ஆளு. ஒங்க திரையில நாப்பது பிள்ளைக்கும் ஒரே படம்தான ஓடுது? அதுக்குத் தேவர் டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் கம்மியா இருந்துச்சு.

ஆனா ஒண்ணு, டீச்சருக்கு மட்டும் சம்பளம் கூட்டிறாதீக. கூட்டுனா, டெட் பரீட்சைக்குப் படிக்கிறத விட்டுட்டு நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிருவாக. வருசா வருசம் புதுக் கணக்கு டீச்சர் வர்ற சொவாரசியமும் போயிரும். எந்தப் பாடத்துக்குத் திரைய ஓட்டணும், எப்ப நிப்பாட்டணும்னு அவுககிட்டக் கேட்டுத் தொலச்சிறாதீக. கேட்டாச் சொல்லிருவாக.

ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. இதே திரைய இப்ப கவர்மெண்டு பள்ளிக்கூடங்கள்லயும் மாட்டிட்டாக. அங்க பீஸும் கெடையாது. அப்ப வர்ற வருசம் ஃபிளெக்ஸுல எதக் காட்டி நீங்க பிள்ளை பிடிப்பீக?

அதனால ஜூன் மாசம் ரசீது அடிக்கும்போது, 'ஸ்மார்ட் கிளாஸ்' வரிக்குக் கீழயே, ஆறாவது டீச்சரம்மா சம்பளம் எம்புட்டுன்னு இன்னொரு வரி அச்சடிச்சிருங்க தம்பி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு வந்து பணத்தக் கட்டுறேன்.