பேஸ் எங்கே போச்சு?

பத்துக்குப் பத்து படுக்கையறையை ஸ்டுடியோவாக்கிய எல்லோருக்கும் ஒரே புகார்: மானிட்டர் ஸ்பீக்கரில் பேஸ் வரவில்லை. உடனே 5 இன்ச்சை விற்று 8 இன்ச் வாங்குவார்கள். அப்புறம் ஒரு சப்வூஃபர். பேஸ் வந்துவிடும், கீழ்வீட்டுக்காரருக்கு.

57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். 3 மீட்டர் அறையில் அது பாதிதான் அடங்கும். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, மூலைகளில் குவிந்து, நட்டநடுவில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நம் இசையமைப்பாளர் நாற்காலி போட்டிருப்பதும் அதே நட்டநடுவில்தான். ஓரடி நகர்த்தலாம், ஆனால் நகர்த்துவதற்கு இஎம்ஐ கிடையாதே!

சுவரில் ஒட்டிய 1 இன்ச் ஃபோம் படத்துக்கு அழகு. கைதட்டினால் எழும் எதிரொலியை அது விழுங்கும். பேஸ் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. மூலைகளில் தடிமனாக ராக்வூல் அடுக்கினால் பலன் உண்டு. என்ன, பார்க்க மூட்டை அடுக்கிய கிடங்கு மாதிரி இருக்கும், லைக் விழாது.

யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் வந்தது 1978இல். பேஸ் குறைச்சலான பெட்டிதான். அதை வைத்தே உலகெங்கும் ஹிட் பாடல்களை மிக்ஸ் செய்தார்கள். அடுத்த ஸ்பீக்கருக்கு ஆர்டர் போடும் முன், ஐயா, அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தித்தான் பாருங்களேன்.