கிழக்கே பூத்த பாட்டு

கேள்வி: யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் குட்டி நாடுகள் ஜெயித்ததுண்டா? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: லக்சம்பர்க் ஐந்து முறை ஜெயித்திருக்கிறது: 1961, 1965, 1972, 1973, 1983. ஆனால் பாடிய ஐவரில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை. நால்வர் பிரான்ஸ், ஒருவர் கிரேக்கப் பெண். ஐந்து பாட்டும் பிரெஞ்சில். நாடு ஜெயித்தது; நாட்டின் குரல் ஜெயிக்கவில்லை.

கேள்வி: ஊர்க்குரலே ஜெயித்த கதை இருந்தால் சொல்லுங்களேன். (வாசகி, மறையூர்)

பதில்: அட்டப்பாடிக்கு வாருங்கள். நக்குப்பதியில் ஆடு மேய்த்து வாழ்ந்த இருளர் பெண் நஞ்சியம்மா. 2020-இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காகத் தம் மொழியான இருளத்தில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு என்று 2022 ஜூலை 22 அன்று அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வாங்கினார். அந்தக் குரலைத் திரைக்குக் கொண்டுவந்த சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருது. அவரோ 2020 ஜூனிலேயே போய்விட்டார். அந்த மேடையில் அவர் இல்லையே என்று நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: முறைப்படி சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று அப்போது கேட்டார்களே? (வாசகர், சித்தூர்)

பதில்: கேட்டவர் ஓர் இசைக்கலைஞர். நஞ்சியம்மாவுக்காகப் பேச வந்தவர்களிலும் பலர் இசைக்கலைஞர்களே. கொகல் என்னும் குழலையும் தவிலையும் பிறந்த நாள் முதல் கேட்ட காதுக்குத் தாளம் தெரியாதா? அட்டப்பாடியில் நடக்கும் கதைக்கு அட்டப்பாடியின் குரலைவிடப் பொருத்தமாக வேறு எந்தக் குரல் இருந்திருக்கும்? விருது பாடிய பாட்டுக்குத்தான், படித்த வருஷங்களுக்கு அல்ல. கொடுத்தது சரி.

கேள்வி: இருளம் கொச்சைத் தமிழ்தானே? எனக்கே பாதி புரிகிறது. (வாசகர், ஆனைகட்டி)

பதில்: பாதி புரிவது உறவு. மீதி புரியாததால்தான் அது தனி மொழி. தங்கச்சியை அக்காவின் தேய்ந்த நகல் என்று யாராவது சொல்வார்களா?

எஸ்டோனியா என்று ஒரு நாடு. மொத்தமே 13 லட்சம் பேர். அதன் தென்கோடியில் வோரோ பேசுகிறார்கள். அங்கேயும் அது வட்டார வழக்கு, தனி மொழியில்லை என்று சொன்னவர்கள் உண்டு. 2004 யூரோவிஷனுக்கு எஸ்டோனியா அனுப்பியது வோரோ மொழிப் பாட்டை! அது இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. போகாவிட்டால் என்ன? ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டுதான் என்கிற இடத்தைத் தன்னிலும் சின்ன மொழிக்கு விட்டுக்கொடுத்த நாடு அது. கோடிக்கணக்கில் இருக்கும் தமிழர்கள் நாம், இருளத்தைக் 'கொச்சை' என்று சொல்வதையாவது நிறுத்தலாம்.

கேள்வி: நஞ்சியம்மா பாட்டின் முதல் சொல்லுக்கு என்ன பொருள்? (வாசகி, கொல்லங்கோடு)

பதில்: கிழக்கு. கிழக்கே சந்தனமரம் பூத்திருப்பதைக் காட்டுகிற பாட்டு. அட்டப்பாடிக்குக் கிழக்கே கோயம்புத்தூர். பவானியும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

கேள்வி: எங்கள் இடுக்கியில் இப்படி ஒன்றும் இல்லையா? (வாசகர், குமுளி)

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! கட்டப்பனை அருகே கோவில்மலை, மன்னான் பழங்குடி மக்களின் தலைமை ஊர். அவர்களுக்கு இன்றும் ஒரு ராஜா உண்டு. 2025 குடியரசு தின விழாவுக்கு டெல்லி அவரை அழைத்தது. மன்னான் கூத்தில் அவர்கள் பாடி ஆடுவது கோவலன் கண்ணகி கதை. மதுரையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. காலவூட்டுத் திருவிழா வரும்போது போய்ப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது? (வாசகி, அகளி)

பதில்: இருக்கிறது. உங்கள் ஊரில் பாட்டுத் தெரிந்த பாட்டி ஒருவர் நிச்சயம் இருப்பார். அனுமதி கேளுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவர் பாடுவதை முழுதாகப் போனில் பதிவு செய்யுங்கள். பாட்டோடு அவர் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.