வெந்நீர் வித்தகர்

சிங்கப்பூரில் எரிமலை கிடையாது. சுமாத்திராவில் பூமி சற்றுப் புரண்டு படுக்கும்போது இங்கே அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் தொங்கு விளக்கு இரண்டு ஆட்டம் ஆடும். அதோடு நமக்கும் பூமியின் கோபத்துக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்தது. ஆனாலும் தேக்கா மார்க்கெட்டின் கோப்பிக் கடையில், காலை வேளையில், தே தாரிக்கை நிதானமாக உறிஞ்சிக்கொண்டு வீற்றிருக்கும் ஒருவகைப் பெரியவரிடம் முழங்கால் வலியைப் பற்றி நீங்கள் தற்செயலாகப் பிரஸ்தாபித்துவிட்டால், அவர் கோப்பையைக் கீழே வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, இந்தத் தீவின் வடபகுதியில் செம்பவாங் மண்ணுக்கு அடியில் சாட்சாத் ஓர் எரிமலையே நித்திரை செய்துகொண்டிருப்பதாகவும், அதன் உச்சந்தலையில் கொதிக்கும் நீரில் காலை வைத்தால் வாதம், பித்தம், மருமகள் இந்த மூன்றினால் வரும் உபாதைகளும் நீங்கிவிடும் என்றும் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்குவார். இவர்தாம் வெந்நீர் வித்தகர்.

வித்தகர் தனி மனிதர் அல்லர், ஓர் இனம். பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குகளிலும் குறைந்தது ஒவ்வொருவராவது உண்டு. துறைமுகத்திலோ கப்பல் பட்டறையிலோ முப்பது முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்று, மத்திய சேம நிதியில் கை வைத்துப் பிள்ளைகளின் கல்யாணங்களை முடித்து, பேரக் குழந்தைகள் தம்மிடம் ஆங்கிலத்திலேயே குசலம் விசாரிப்பதற்குப் பழகிக்கொண்டு, இனிமேல் தம்முடைய அபிப்பிராயத்தைச் சிரத்தையோடு கேட்பதற்கு வீட்டில் ஒரு பிராணியும் இல்லை என்பது திட்டமாகத் தெரிந்த பிறகுதான் ஒருவர் இந்தப் பதவிக்கு வருகிறார். பதவிக்குரிய சின்னம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஒரு துண்டு, அரை டஜன் முட்டை, காகிதத்தில் மடித்த மிளகுப்பொடியும் உப்பும், அன்றைய தமிழ் முரசு ஆகியவை இருக்கும். முரசை முழுவதும் படித்து முடித்த பிறகே அதை ஆசனமாக விரிப்பார். அந்த விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர்.

அவருடைய வித்தைக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் மன்னார்குடியிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் ஒரு வாரத்துக்கு வந்து இறங்கும் உறவினர்கள். அந்த அப்பாவிகள் மெரினா பேயில் ஒரு நாள், சென்டோசாவில் ஒரு நாள், முஸ்தபாவில் கோடாலித் தைலமும் பாதாம் பருப்பும் வாங்க இரண்டு நாள் என்று ஊரிலேயே திட்டம் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். அந்தத் திட்டத்தை வித்தகர் ஒரே வாக்கியத்தில் கலைத்துவிடுவார். “கட்டடம் எல்லாம் எங்கே போகப் போகிறது, நாளைக்குப் பார்க்கலாம், இயற்கையை முதலில் பாருங்கள்” என்று அவர் சொல்லும்போது, இயற்கைதான் நாளை மறுநாள் ஊரைக் காலி செய்துகொண்டு போகப்போகிறதோ என்று நமக்கே பயம் வந்துவிடும்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, டோபி காட்டில் மாறி, வடக்கே போகிற சிவப்புப் பாதையில் கான்பெராவில் இறங்குகிற வரையில் அவருடைய உபந்யாசம் நடைபெறும். செம்பவாங்கில் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்ததும், அங்கே வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் குடியிருந்த வரிசை வீடுகளும், அவர்கள் கும்பிட்ட முருகன் இப்பொழுது ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் என்ற திருநாமத்தோடு பங்குனி உத்திரத்துக்குக் காவடிகளை ஏற்றுக்கொண்டிருப்பதும் இந்தப் பிரயாணத்தில் தெரியவரும். இவ்வளவு தூரத்துக்கு வித்தகர் சொல்வது சத்தியம். ஊற்றின் வரலாற்றுக்கு வந்ததும்தான் அவருடைய கற்பனைக்குச் சிறகு முளைக்கிறது.

நடந்தது இதுதான். 1909ஆம் ஆண்டில் குடால் என்ற நகராட்சி அலுவலர் இந்த ஊற்றைக் கண்டு வெளியே சொன்னார். நிலம் சியா எங் கியோங் என்ற சீன வியாபாரிக்குச் சொந்தமாயிருந்தது. ஊற்றைச் சுற்றி இருந்த கிராமத்துக்கு மலாய்க்காரர்கள் வெந்நீர் என்றே பொருள்படும்படி ஆயர் பானாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1920களில் சோடா வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஃபிரேசர் அண்ட் நீவ் கம்பெனியார் நிலத்தை வாங்கி, நீரைப் புட்டியில் அடைத்து, செலெட்டாரிஸ் முதலிய பெயர்களில் விற்றார்கள். யுத்தகாலத்தில் வந்த ஜப்பானியர்கள் வெந்நீர் ஸ்நானம் இல்லாவிட்டால் சுவர்க்கத்தையே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் இங்கே குளியல் தொட்டிகள் அமைத்துக்கொண்டார்கள். 1944இல் நேச நாடுகளின் விமானங்கள் போட்ட குண்டு அருகே விழுந்து நீரோட்டத்தைக் கெடுத்துவிட்டது. வித்தகர் கதையை இந்த இடத்தில் தலைகீழாக்கி, அந்தக் குண்டுதான் தூங்கிக்கொண்டிருந்த எரிமலையைத் தட்டி எழுப்பியது என்பார். “அப்படியானால் 1909இல் வந்த வெந்நீர் எங்கிருந்து வந்தது, மாமா?” என்று கேட்கும் துடுக்குப் பையன் ஒருவன் எந்தக் கூட்டத்திலும் இருப்பான். “அது வெதுவெதுப்பு, தம்பி! கொதிப்பு பிற்பாடுதான்” என்று பதில் வரும்.

பிறகு 1985இல் விமானப் படைத் தளத்துக்காக நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஊற்றை மக்களுக்கு விடவேண்டும் என்று மனுக்கள் போன பின், 2002இல் கம்பி வேலிக்கு நடுவே ஒரு வழி விட்டார்கள். வித்தகர்கள் வாளியோடு தலையெடுத்த பொற்காலம் அதுதான். சிமெண்டுத் தரையில் நாலைந்து குழாய்கள், வரிசையாக வாளிகள், அவற்றில் முழங்கால் வரையில் அமிழ்ந்த கால்கள், சீனக் கிழவர், மலாய் மாது, நம்மவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் பழைய கடைத்தெரு மலாயில் தத்தம் மூட்டுகளின் க்ஷேமலாபங்களைப் பரிமாறிக்கொள்வார்கள். 2020 ஜனவரி 4ஆம் தேதி தேசியப் பூங்காக் கழகம் அந்த இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, பூஞ்செடிகளும் உணவுக் கடையும் படிப்படியான குளமும் முட்டை வேகவைக்கத் தனி இடமும் வைத்துப் பூங்காவாகத் திறந்தது. பூங்காவைக் குறித்து வித்தகருக்குப் பெருமையும் உண்டு, தீராத மனக்குறையும் உண்டு. அழகு வந்த இடத்தில் சிகிச்சை குறையும் என்பது அவருடைய சித்தாந்தம்.

எரிமலை விஷயத்தில் சாஸ்திரம் அவரைக் கைவிட்டுவிடுகிறது. இந்தத் தீவின் நடுவிலும் வடக்கிலும் கிடக்கிற கருங்கல் இருபது கோடி வருஷத்துக்கு மேற்பட்ட பழமையுடையது. பெய்த மழை அதன் வெடிப்புகளுக்குள் கசிந்து ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தோடு, அந்தக் கல்லிலேயே கலந்திருக்கும் யுரேனியம், தோரியம் முதலிய கதிரியக்கப் பொருள்கள் சிதைவதனால் பிறக்கும் வெப்பமும் சேரச் சூடேறி, ஏதோ ஒரு பிளவைப் பற்றிக்கொண்டு எழுபது டிகிரி செல்சியஸோடு மேலே வந்துவிடுகிறது. எரிமலைக்கு இதில் வேலையே இல்லை. இதை நான் மிகுந்த பணிவோடு விளக்கிக் கூறியபோது வித்தகர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அட்மிரல்டிப் பக்கம் 1.76 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் 122 டிகிரி வெப்பம் இருக்கக் கண்டார்கள் என்று ஒரு தகவலை நான் கூடவே சொன்னதுதான் தாமதம், மேஜையைத் தட்டி, “பார்த்தீர்களா, படித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்!” என்று கோப்பிக் கடை முழுவதற்கும் அறிவித்துவிட்டார். அன்று முதல் அவருடைய எரிமலைக்குப் பல்கலைக்கழக அங்கீகாரமும் சேர்ந்துவிட்டது.

ஊற்றண்டை அவரைப் பார்ப்பதே தனிக் காட்சி. மேல் படியில் எழுபது டிகிரியாக இறங்குகிற நீர் படிக்குப் படி ஆறி, கடைசிக் குளத்தில் நாற்பது டிகிரிக்கு வந்துவிடும். மனித குலத்துக்கென்று ஏற்பட்டது அந்தக் கடைசிக் குளம். ஆனால் வித்தகர் குளத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வாளியில் சுடச்சுடப் பிடித்து, பச்சைத் தண்ணீர் விட்டு, கையை விட்டுக் கலக்கி, உதட்டைச் சுழித்து, இன்னும் அரைக்குவளை விட்டு, தீபாவளி விடியலில் அம்மா எண்ணெய்க் குளியலுக்கு விளாவுகிற அதே பக்குவத்தில் விளாவுவார். பிறகு உறவினரின் காலைத் தம் கையாலேயே பிடித்து உள்ளே வைப்பார். “ஐயோ, சுடுகிறது!” என்று மன்னார்குடிப் பெரியம்மாள் கூவினால், “சுடத்தான் வேண்டும், அக்கா! வலி வெளியே வருகிறது” என்பார். இதய நோய், நீரிழிவு உடையவர்கள் கவனமாயிருக்கவேண்டும் என்று யாரேனும் நினைவூட்டினால், அது மற்றவர்களுக்கு என்பது அவர் அபிப்பிராயம். (நீரிழிவுக்காரர் பாதத்தில் சூடு உறைக்காமல் கொப்பளித்துப் போவதுண்டு. நேயர்கள் வித்தகரை நம்பவேண்டாம். வைத்தியரைக் கேட்டுக்கொண்டு போகவும்.)

அப்புறம் முட்டை. எழுபது டிகிரியில் ஒரு விசேஷம் நடக்கிறது. முட்டையின் மஞ்சட்கரு ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே கட்டிப்பட்டுவிடும். வெள்ளைக்கருவிலுள்ள முக்கியமான புரதமோ எண்பதை எட்டினால்தான் இறுகும். ஆகையால் அரைமணி நேரம் காத்திருந்து உடைத்தால், உள்ளே இருப்பது வெந்தும், வெளியே இருப்பது தளதளவென்று வேகாமலும் கையில் வழியும். நம்முடைய சமையலறை விதிக்கு இது நேர்விரோதம். ஊரிலிருந்து வந்தவர்கள் முகத்தைச் சுளித்தால் வித்தகர் சற்றும் கலங்காமல் மிளகுப்பொடியைத் தூவி, “ஜப்பான்காரன் இதற்குப் பணம் கொடுக்கிறான்” என்று சொல்லி, தாமே இரண்டை விழுங்கிக் காட்டுவார். மாகி நூடுல்ஸ் கொண்டு வந்து ஊறவைக்கும் இளைஞர்களை மாத்திரம் அவர் மன்னிப்பதில்லை.

அவருக்கு ஒரே ஒரு சத்துரு உண்டு. அது பாலித் தீவுக்குப் போய்வந்த மருமகப் பிள்ளை. பாத்தூர் எரிமலையின் அடிவாரத்தில் ஏரிக்கரையை ஒட்டிய வெந்நீர்க் குளங்களையும், வடக்கே பஞ்சாரில் கல் நாகங்களின் வாயிலிருந்து வெந்நீர் கொட்டுகிற தொட்டிகளையும் கைப்பேசியில் வரிசையாகத் தள்ளித் தள்ளி அவன் காட்டிக்கொண்டு வந்தபோது, வித்தகரின் முகம் முதலில் சற்று வாடியது.

“இது நிஜமான எரிமலை, மாமா. புகை வருகிறது, பாருங்கள்.”

“உள்ளே போக டிக்கெட் உண்டா?”

“உண்டு, மாமா.”

“தண்ணீரில் முட்டை வேகுமா?”

“குளத்தில் வேகாது. மலை உச்சியில் பாறைச் சந்தில் நீராவி வருகிறது. வழிகாட்டிகள் அதில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஏறவேண்டும்.”

வித்தகர் ஒரு கணம் யோசித்தார். “இரண்டு மணி நேரம் மலை ஏறுகிற முழங்கால் உள்ளவனுக்கு வெந்நீர் எதற்கு, தம்பி?” என்றார். அதற்கு மேல் அந்தப் பிள்ளை கைப்பேசியை நீட்டவில்லை.

திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியாவைப் பற்றிப் பேசினால் மட்டும் அவர் குரலில் மரியாதை வந்துவிடும். ஏழு கிணறுகள், ஒன்றுக்கொன்று சூட்டில் வித்தியாசம், இராவணன் தன் தாயின் அந்திமக் கிரியைக்காக உண்டாக்கினான் என்ற ஐதிகம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, “அங்கேயும் வாளியில் மொண்டுதான் ஊற்றிக்கொள்ளவேண்டும்” என்று முடிப்பார். வாளி இல்லாத தீர்த்தம் அவருக்குத் தீர்த்தமே அல்ல.

அவருடைய பூகோளம் பிழை, வைத்தியம் சந்தேகம், முட்டை அரைவேக்காடு. இருந்தாலும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணுகிற ஊர். ஜோகூரிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறோம். கடல்நீரின் உப்பைப் பிரித்துக் குடிக்கிறோம். 2003 முதல் கழிவுநீரையே சுத்திகரித்து நியூவாட்டர் என்று பெயரிட்டுத் திரும்ப உபயோகிக்கிறோம். ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் ஒவ்வொரு நிலையத்தின் வாசலையும் பல வருஷத்துக்கு முன்பே காகிதத்தில் தீர்மானித்து வைக்கிற இந்தத் தீவில், யாரும் உத்தரவு போடாமல், மின்சாரக் கட்டணம் கேட்காமல், தானே காய்ந்து தானே வருகிற தண்ணீர் ஒன்று இருக்கிறது என்றால், வேலையும் அதிகாரமும் போய்விட்ட ஒரு மனிதர் அதைத் தம்முடைய சொத்தாகப் பாவித்துப் பெருமையடிப்பதை யார் குறை சொல்ல முடியும்? எரிமலையை அவரிடமிருந்து பிடுங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆகையால் ஊரிலிருந்து வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேக்காவில் முழங்காலைப் பற்றி வாய் திறந்துவிட்டீர்களானால், சென்டோசாவை ஒரு நாள் தள்ளிவைத்து அவரோடு போய் வாருங்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கதவு காலை 7 மணிக்குத் திறக்கும். அவர் ஆறே முக்காலுக்கே வாசலில் நிற்பார். முட்டையை மாத்திரம் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள், அவரை வாங்கவிடாதீர்கள்.