வரப்பைத் தள்ளிப் போடு, பேராண்டி!

ஏலே பேராண்டி, ரெண்டு காப்பீட்டுக் கம்பெனியை ஒண்ணு சேர்க்க ரிப்போர்ட் எழுதுற வேலையாமே? சந்தோசம். பொழைக்கிற வழியைக் கிழவன்கிட்டயும் கொஞ்சம் கேட்டுக்க.

முதல்ல, சந்தைக்குப் போடுற வரப்பைத் தள்ளிப் போடு. அமெரிக்காவுல 2015-ல ஏட்னாக்காரன் 3,700 கோடி டாலருக்கு ஹுமானாவை வாங்கக் கிளம்பினான். ரெண்டு பேருமே என்னை மாதிரிப் பெருசுகளுக்கு 'மெடிகேர் அட்வான்டேஜ்'ங்கிற தனியார் காப்பீட்டுத் திட்டம் விக்கிறவனுங்க. '364 கவுன்டியில போட்டி செத்துரும்'னு மறு வருசமே நீதித்துறை வழக்குப் போட்டுது. அவங்க கணக்கு பொல்லாதது. சந்தைப் பங்கை அதாலயே பெருக்கிக் கூட்டுவாங்க. 30-ம் 20-ம் தனித்தனியா நின்னா 1,300, சேர்ந்தா 2,500! தொகை ஏற ஏறப் போட்டி குறையுதுன்னு அர்த்தம். அதுக்குக் கம்பெனி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சர்க்காரோட பழைய மெடிகேரும் இதே சந்தைதான்'னுச்சு. வரப்பு அகலமானா நம்ம பங்கு தானா இளைச்சுரும்லே! ஆனா திட்டம் மாத்துற பெருசுக பெரும்பாலும் இன்னொரு தனியார் திட்டத்துக்கே போறாங்கன்னு எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டிருச்சு.

அப்புறம், போட்டி இருக்குன்னு எவனாவது சொன்னா, கடையைச் சாத்திரு. ஒபாமா சட்டத்துல வந்த காப்பீட்டுச் சந்தையில 17 கவுன்டியிலயும் ரெண்டு பேரும் மோதுறாங்கன்னு வழக்கு. ஏட்னா அந்த 17-லயும் வியாபாரத்தை விட்டுருச்சு. கேட்டா, நட்டமாம். நான் இல்லாத ஊர்ல எனக்கேது போட்டி? என்னா மூளை பாரு!

கடைசியா, எதையும் எழுதி வைக்காதே. ஃப்ளோரிடாவைப் பாத்துக்கிட்ட ஏட்னா அதிகாரியே, 'இங்க லாபம்லா வருது, ஏன் மூடுறோம்?'னு மெயில் போட்டுட்டார். பதில் போன்லதான் போச்சு. தடம் இருக்கக் கூடாதுன்னுதான் போன்ல பேசினாங்கன்னு நீதிபதி ஜான் பேட்ஸ் கண்டுக்கிட்டார். வழக்குக்குத் தோதா மூடின கடைன்னு தீர்ப்புலயே எழுதி, 2017 ஜனவரியில இணைப்பைத் தடுத்துட்டார். ஹுமானாவுக்கு 100 கோடி டாலர் அழுதுட்டு ஒதுங்கிச்சு ஏட்னா.

நீ ஏன்லே மூஞ்சியைத் தொங்கப்போடுற? இணைப்பு நின்னாலும் நிபுணர் கூலி நிக்காது. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி. கணக்குப் போடுமுன்ன கம்பெனிக்காரன் மெயிலை வாங்கிப் படிச்சிரு. உன் 200 பக்க ரிப்போர்ட்டை விட நீதிபதிக்கு அதுதான்லே சுலபமா விளங்கும்.