உள்நாட்டுப் பிக்கப்பும் ஜப்பான் பிக்கப்பும்: அரிமளம் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்பாதி ஓட்டுநருக்கும் பின்பாதி மற்ற எல்லாவற்றுக்கும் என்று பிரிக்கப்பட்ட நான்கு சக்கர வாகனம் பிக்கப் எனப்படும். ‘மற்ற எல்லாம்’ என்னும் தொகுப்பில் நெல் மூட்டை, தைலமரக் கட்டை, பந்தல் சாமான், மீன் பெட்டி, சீர்வரிசைப் பீரோ, மஞ்சுவிரட்டுக் காளை ஆகியவை அடங்கும். மோட்டார் வாகனச் சட்டப்படி மனிதர் இத்தொகுப்பில் அடங்கார். கிடாவெட்டு நாள்களில் மட்டும் அடங்குவர். இவ்வாகனங்களுள் உள்நாட்டு வண்டி உயர்ந்ததா, ஜப்பான் வண்டி உயர்ந்ததா என்பது நெடுங்காலமாகத் தீராத வழக்கு. வழக்காடுவோரில் பலரிடம் வண்டியே கிடையாது என்பதால் வாதத்தின் உக்கிரம் குறைவதில்லை. பராமரிப்புச் செலவு இல்லாதவர்களால்தான் கொள்கையில் உறுதியாக நிற்க முடிகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் உள்ள அரிமளம் பேரூராட்சி இவ்வழக்கை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற இடம். வடக்கே புதுக்கோட்டை, தெற்கே காரைக்குடி, கிழக்கே அறந்தாங்கி என்று மூன்று சந்தைகளுக்கு நடுவே அது இருக்கிறது. சுற்றிலும் தைலமரக் காடு, கண்மாய்ப் பாசன நெல், செம்மண் பாதை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து மீன் வண்டிகள் உள்ளே வருகின்றன. மாட்டுவண்டி எல்கைப் பந்தயக் காலத்தில் மாடுகளும் பந்தய வண்டிகளும் பிக்கப் ஏறித்தான் பந்தயத்துக்குப் போகின்றன. மாட்டுவண்டி ஓடுவதற்கு மோட்டார் வண்டி வேண்டியிருப்பது தனி ஆய்வுக்குரியது. இங்கே அதில் புக இடமில்லை.

வழக்கில் இரண்டு கட்சிகள் உண்டு. தேநீர்க் கடை மரபில் உள்நாட்டுக் கட்சியார் அனுபவத்தையும், ஜப்பான் கட்சியார் சாட்சியத்தையும் பிரமாணமாகக் கொள்வர். உள்நாட்டுக் கட்சியாரின் அனுபவம் பெரும்பாலும் ஏற்றிய சுமையின் அளவைப் பற்றியது. ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் அந்தச் சுமை சில மூட்டைகள் கூடும். ஜப்பான் கட்சியின் தலைமைச் சாட்சி வளைகுடாவில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டித் திரும்பியவர். பாலைவன மணலில் அந்த வண்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை என்பது அவர் வாக்குமூலம். டீசல், டயர், சர்வீஸ் மூன்றும் அங்கே முதலாளி கணக்கு என்பதைக் குறுக்கு விசாரணையில்தான் வெளியே கொண்டுவர முடியும்.

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளுக்கு வருமுன் இவ்வழக்கு டெல்லியில் தொடங்கியது. 1980-களின் முற்பாதியில் இலகுரகச் சரக்கு வண்டி செய்ய நான்கு ஜப்பான் கூட்டுகளுக்கு இந்திய அரசு அனுமதி அளித்தது. உத்தரப் பிரதேசத்துச் சூரஜ்பூரில் டி.சி.எம். டொயோட்டா, ஆந்திரத்து (இன்றைய தெலங்கானா) ஜாகிராபாத்தில் ஆல்வின் நிசான், மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் ஐஷர் மிட்சுபிஷி, பஞ்சாபில் ஸ்வராஜ் மஸ்தா. நான்கும் பார்க்க லட்சணம். கதவைச் சாத்தினால் சத்தம் வராது. அன்றைய இந்திய லாரிக் கதவோடு ஒப்பிட்டால் இது ஒரு நாகரிகப் பாய்ச்சல்.

இந்தப் பாய்ச்சலுக்கு இரண்டு இடையூறுகள் வந்தன. ஒன்று நியூயார்க்கிலிருந்து. 1985 செப்டம்பரில் பிளாசா ஓட்டலில் கூடிய ஐந்து நாட்டு நிதி அமைச்சர்கள் டாலரின் மதிப்பை இறக்க முடிவு செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் யென் கிடுகிடுவென்று ஏறியது. ஜப்பானிலிருந்து பெட்டியில் வந்த பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. இன்னொன்று புனேயிலிருந்து. 1986-ல் டாடா தன் சொந்த வடிவமைப்பில் 407 என்னும் சிறு லாரியை இறக்கியது. அது அழகிப் போட்டிக்குச் செய்யப்பட்ட வண்டி அன்று. ஆனால் டாடா லாரியைப் பிரித்துப் பழகிய எந்த மெக்கானிக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். மேலும், திரும்பப் பூட்டுவார்.

நால்வரின் பிற்கால வரலாறு சுருக்கமானது. டி.சி.எம். டொயோட்டா 1990-களின் நடுவில் கொரியாவின் டேவூ கைக்கு மாறியது. ஆல்வின் நிசான் மகிந்திராவிடம் போனது. அந்த ஜாகிராபாத்தில்தான் இன்று மகிந்திராவின் சிறு சரக்கு வண்டியான ஜீத்தோ உருவாகிறது. ஐஷர், மிட்சுபிஷியைப் பிரிந்து தன் காலில் நின்று, 2008 முதல் சுவீடன் வோல்வோவோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. தமிழ்நாட்டுச் சுற்றுலா வேன்களால் பெயர் பெற்ற ஸ்வராஜ் மஸ்தா, 2011-ல் எஸ்.எம்.எல். இசுசு என்று பெயர் மாறி, 2025-ல் அதுவும் மகிந்திரா வீட்டுக்கே வந்து சேர்ந்தது. உள்நாட்டுக் கட்சியார் இதை வெற்றி என்று எழுதிக்கொள்கிறார்கள். மகிந்திராவின் உடலில் ஓடும் ரத்தத்தில் பாதி ஜப்பானுடையது என்று ஜப்பான் கட்சியார் எழுதிக்கொள்கிறார்கள்.

எதிர்பாராத சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வழக்கு நடக்க வேண்டுமானால் எது உள்நாட்டு வண்டி, எது ஜப்பான் வண்டி என்று முதலில் தெரிய வேண்டும். ஆய்ந்து பார்த்தால் தெரிவதில்லை.

உள்நாட்டுத் தூய்மைக்கு அடிக்கடி முன்னிறுத்தப்படும் மகிந்திரா, 1940-களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித் தொழில் தொடங்கியது. பிறகு பிரெஞ்சு பெஜோவின் டீசல் எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்தது. டாடா லாரிக்கு 1954 முதல் 1969 வரை மெர்சிடிஸ் பென்சே துணை. எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரிலேயே பிரிட்டன் உட்கார்ந்திருக்கிறது. அந்த அசோக் லேலண்ட் நிசானோடு கூட்டுச் சேர்ந்து 2011-ல் ஓசூரில் செய்து வெளியிட்டதுதான் தோஸ்த் என்னும் சிறு சரக்கு வண்டி. வண்டியின் அடிப்படை நிசான் வேனுடையது. 2016-ல் நிசானின் பங்கை அசோக் லேலண்டே வாங்கிக்கொண்டது. ஆகவே 2015-ல் வாங்கிய தோஸ்த் ஜப்பான் கூட்டு வண்டி, 2017-ல் வாங்கியது உள்நாட்டு வண்டி. இரண்டும் அடுத்தடுத்து நின்றால் பெயின்ட் வெளுத்ததைத் தவிர வேறு வித்தியாசம் காண்பது அரிது.

மாருதி சூப்பர் கேரி இன்னும் இடக்கானது. 2016-ல் வந்த அந்தச் சிறு வண்டியின் குலமுதல்வன், ஜப்பானில் 1961-ல் பிறந்த சுசுகி கேரி. நிறுவனத்தில் பெரும்பங்கு சுசுகியுடையது. இருந்தும் அரிமளத்தில் அதை ஜப்பான் வண்டி என்று சொன்னால் ஒருவரும் ஒப்ப மாட்டார். மாருதி நம்ம வண்டி. மாமா வீட்டிலேயே ஒன்று இருந்தது.

ஜப்பான் கட்சியின் உச்சாணிக் கொம்பான ஹைலக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2022-ல். அப்போதைய தொடக்க விலை ஏறத்தாழ 34 லட்சம் ரூபாய். 1968-ல் ஜப்பானில் தோன்றிய இப்பெயருக்குரிய வண்டியை 2017 முதல் ஜப்பானியரே தாய்லாந்திலிருந்து இறக்குமதி செய்துதான் ஓட்டுகிறார்கள். இசுசு டி-மேக்ஸ் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது. சென்னையிலிருந்து போனால் ஒரு தேநீர் நிறுத்தம்கூடத் தேவையில்லை. ஜப்பானில் செய்யாத ஜப்பான் வண்டியும், ஜப்பான் எலும்பில் நிற்கும் உள்நாட்டு வண்டியும் எதிரெதிரே நிறுத்தப்படும் வழக்கில் தீர்ப்பு வராததற்கு நீதிபதியைக் குறை சொல்ல முடியாது.

தூய உள்நாட்டு வண்டி என்று ஓரளவு துணிந்து சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது குட்டி யானை. இண்டிகா காரின் 1,405 சி.சி. டீசல் எஞ்சினைச் சரிபாதியாக வெட்டியதுபோல் இரண்டு சிலிண்டரும் 702 சி.சி.யுமாக அதற்கு ஓர் எஞ்சின். 16 குதிரைத் திறன், ஏட்டுச் சுமை 750 கிலோ. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டியதில்லை என்ற சட்ட விலக்கும் அதற்குக் கைகொடுத்தது. உடலளவில் அது ஜப்பானின் 660 சி.சி. குறுஞ்சரக்கு வண்டிகளுக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல் இருக்கிறதே என்று ஜப்பான் கட்சியார் கேட்பதுண்டு. இக்கேள்வி கேட்கப்பட்டவுடன் தேநீர்க் கடையில் பேச்சு வழக்கமாக அரசியலுக்கு மாறிவிடும்.

ஏட்டுச் சுமையிலிருந்து நடைமுறைச் சுமைக்குப் போவதே ஆய்வின் அடுத்த படி. அரிமளத்தில் ஒரு வண்டியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது நிறுவனம் அன்று, வாடகைக்குக் கூப்பிட்டவரின் உறவுமுறை. “அண்ணே, ரெண்டு நடையாப் போனா கட்டுபடியாகாதுண்ணே, சேத்து ஏத்திருங்க” என்ற ஒரு வாக்கியம் எந்தப் பொறியாளரின் கணக்கையும் மாற்றவல்லது. இதை முன்கூட்டியே அறிந்த உரிமையாளர், புது வண்டி எடுத்த கையோடு பட்டறைக்குப் போய்ப் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடுவார். பக்கவாட்டில் இரும்புக் கம்பி வளைத்துக் கூண்டு பற்றவைப்பார். கேபினுக்கு மேல் ஏணிபோல் ஒரு சட்டம் ஏறும். இந்தச் சடங்கு முடிந்த வண்டியில் புனே, ஓசூர், யோகோஹாமா ஆகிய எவ்வூர் வடிவமைப்பாளரின் கருத்தும் பெரிதாக மிஞ்சுவதில்லை. வண்டி அப்போது அரிமளத்துத் தயாரிப்பு.

காளை ஏற்றும்போது இது தெளிவாகத் தெரியும். சாய்தளம் என்று ஒன்று கிடையாது. வண்டியைப் பின்னால் எடுத்துக் கண்மாய்க் கரையில் முட்ட நிறுத்தி, பின்கதவை இறக்கிக் கரைமீது பாலம்போல் படியவைப்பார்கள். தட்டில் வைக்கோல் பரப்பியிருக்கும். இல்லாவிட்டால் குளம்பு வழுக்கும். ஒருவர் மூக்கணாங்கயிற்றோடு முன்னே ஏறிச் சட்டத்துக்கு மறுபுறம் இறங்க, காளை ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே வரும். தலை கேபின் பக்கம். கயிறு இருபுறமும் கூண்டுக் கம்பியில். தாழ்ந்த தட்டுள்ள சிறு வண்டிக்கு இங்கே மதிப்பெண் அதிகம். ஆனால் காளை பக்கவாட்டில் ஓர் எட்டு மாற்றி வைத்தால் சிறு வண்டி முழுவதுமே அந்த எட்டுக்கு இசைந்து ஆடும். மகிந்திராவின் பொலேரோ பிக்கப் ஆடாது. இதனாலேயே வாடிவாசல் கண்ட காளைக்கு மூக்கு நீண்ட பொலேரோவும், வைக்கோலுக்கும் பால்மாட்டுக்கும் குட்டி யானையும் என்று ஒரு பிரிவினை உண்டாகியிருக்கிறது. காளையோடு ஏறும் பத்து இளைஞர்கள் சரக்கா, பயணியா என்பதில் அவர்களுக்கும் போக்குவரத்துக் காவலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

சுமை, உறுதி, மைலேஜ் ஆகிய பிரமாணங்கள் அனைத்தும் இப்படி ஒன்றையொன்று தின்றுவிட்ட பிறகு எஞ்சி நிற்பது பேருந்துப் பார்சல் கோட்பாடு. சனிக்கிழமை காலை ஏம்பல் சாலையில் கிளட்ச் போய் வண்டி நிற்கிறது. பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் மீன். மெக்கானிக் காரைக்குடிக்கோ புதுக்கோட்டைக்கோ போன் போடுகிறார். அடுத்த பேருந்தில் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில், செய்தித்தாள் சுற்றி, மேலே பேனாவால் கைப்பேசி எண் எழுதிய பொட்டலமாகக் கிளட்ச் பிளேட் வந்து இறங்கினால் அது நல்ல வண்டி. ‘பெரிய ஊர் ஷோரூமில் புக் பண்ணணும், திங்கள்கிழமைதான் சொல்வாங்க’ என்றால் அது எவ்வளவு உயர்ந்த வண்டியானாலும் மீன் வண்டி அன்று. கெட்டுப்போகாத வண்டியா, கெட்டாலும் உடனே சரியாகும் வண்டியா என்று பிரித்துக் கேட்டால் கட்சிகள் இரண்டும் வாயடைத்துப் போகின்றன. முதல் வகைக்காரர் அதிக விலை கொடுத்து நிம்மதியை மொத்தமாக வாங்குகிறார். இரண்டாம் வகைக்காரர் அதையே தவணையில் வாங்குகிறார். 1986-ல் 407 வென்றதும் இக்கோட்பாட்டினால்தான் என்று கொள்வதற்கு இடமுண்டு.

அமெரிக்காவில் இதே வழக்கைத் தீர்த்தது கோழி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி மலிவாக வந்து குவிவதைத் தடுக்க ஐரோப்பியப் பொதுச் சந்தை வரி ஏற்றியது. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரகச் சரக்கு வண்டி ஆகியவற்றின்மீது 25 சதவீத வரி போட்டார். குறி ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன். அடி பட்டது பின்னாளில் ஜப்பானுக்கு. மற்ற வரிகள் நீங்கியும் வண்டி வரி நிலைத்துவிட்டது. பின்தொட்டி இல்லாத வெறும் சட்டகத்தை 4 சதவீத வரியில் இறக்கி, அமெரிக்கக் கரையில் தொட்டியைப் பூட்டி விற்றுவந்த வழி 1980-ல் அடைபட்டது. சுபாரு நிறுவனம் தன் ‘பிராட்’ வண்டியின் திறந்த தொட்டிக்குள் பின்நோக்கிய இரண்டு இருக்கைகளைப் பற்றவைத்து, இது பயணிகள் வாகனம் என்று சாதித்து வரியைத் தாண்டியது. பின்தொட்டியில் ஆளை உட்காரவைத்தால் அரிமளத்தில் அபராதம், அமெரிக்காவில் வரிச் சலுகை. நாமக்கல் கோழிக்கு இத்தகைய உலக வரலாற்றுப் பங்கு இன்னும் வாய்க்கவில்லை.

இலங்கையில் வழக்கு தலைகீழாக நடக்கிறது. அங்கே ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளே நெடுங்காலமாகச் சந்தையை ஆண்டவை. டொயோட்டா ஹயஸ் வேனும் மிட்சுபிஷி கன்ரர் லாரியும் யாழ்ப்பாணத்தில் ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டவை. டாடா ஏஸ் அங்கே ‘பட்டா’ என்ற பெயரில் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த வெளியார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025-ல்தான் பொதுவாக மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் வாங்கிய விலைக்கு மேல் விற்றன. அங்கே ஜப்பான் வண்டிக்காரர் தன் வண்டிக்காகச் சொல்லும் காரணங்கள், சாமான் எங்கும் கிடைக்கும், எந்தக் கராஜிலும் வேலை தெரிந்தவர் இருக்கிறார், விற்றாலும் காசு என்பவை. அரிமளத்தில் டாடாக்காரர் சொல்வதும் வரிக்கு வரி அதுவே.